கழித்த கணினி கண் திறக்கும்

(கல்முனையில் நிகழ்த்திய உரை)



எத்தனையோ பாடசாலைகளில் பழங்கணினிகள் மூலையிற் கிடந்து தூசி படிகின்றன. பக்கத்து ஆய்வுகூடத்திலோ கருவியில்லை. நம் பிள்ளைகள் பௌதிகத்தைப் படம் பார்த்து மனனஞ் செய்கின்றனர். இது விதியா? அன்று, நம் அசட்டை!

புது டில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004இல் ‘பீனிக்ஸ்’ திட்டத்தைத் தொடக்கிற்று. சாதாரணக் கணினியோடு சிறு பெட்டியொன்றை இணைத்து, அதனையே அளவைக் கருவியாக்கிற்று.

அப்பெட்டியும் இல்லையா? கணினியின் ஒலியட்டையே செக்கனுக்கு 44,100 தடவை மின்னழுத்தத்தை அளக்க வல்லது. அதன் இரு தடங்களிலும் இரு ஒலிவாங்கிகளைப் பொருத்தி, ஒரு மீற்றர் இடைவிட்டு வைத்து, அவற்றின் நேர்கோட்டில் நின்று கை தட்டுங்கள். ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் தாமதம் திரையிலே தெரியும். ஒலியின் வேகத்தைக் கல்முனை மாணவி தானே அளந்துவிட்டாள்!

இறக்குமதியையே நம்பியிருப்பதன் விலையை 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி நமக்குக் காட்டிற்று. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று, ஒழுங்கு. எந்தக் கணினியும் ஏலத்திற்குப் போகுமுன் விஞ்ஞான ஆசிரியர் அதனைப் பரிசோதிக்க வேண்டும். அவர் கையொப்பமின்றி அதனைக் கழிவென எழுதலாகாது. ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இத்தீர்மானத்தை நிறைவேற்றி, வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பட்டும்!