குற்றமும் பாடமும்: ஒரு பழைய மாண்டலினை முன்வைத்து

 

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், இசைப் போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் நீட்டப்பெற்ற யாழ்களை ஒவ்வொன்றாக நோக்கி விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம், ஒன்று வாளால் புண்பட்டது, ஒன்று இடியேறுண்டது. நரம்பின் புரியை நெகிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். இசைக்கத் தொடங்குமுன் கருவியின் நிலையறிதல் கலைஞனின் முதற்கடன் என்பது திருத்தக்கதேவர் உணர்த்தும் செய்தி. இப்பகுதியைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்திய நான் அதன் பொருளை உணர்ந்தது சென்ற ஆண்டில்தான். அதுவும் ஒரு பிழை செய்த பின்னர்.

என் தந்தையார் பெரம்பூர் இரயில்பெட்டிப் பணிமனையில் தச்சுப் பிரிவில் இருந்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ-இந்திய நண்பர் ஒருவர் தம் மாண்டலினை அவரிடம் விட்டுச் சென்றார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வகை அது. மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டிச் செய்த, பாதிப் பூசணி போன்ற குடம். இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசையின் கமகத்திற்காக மின்மாண்டலினில் ஒற்றைத் தந்திகள் ஐந்தை அமைத்துக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டிலிருந்தது அதற்கு மூத்த வடிவம்.

தந்தையார் மறைந்தபின் அது பன்னிரண்டு ஆண்டுகள் பரணில் கிடந்தது. அவர் நினைவு நாளில் இசைக்க விரும்பி, கடையில் கிடைத்த தடித்த தந்திகளைப் பூட்டி, ஒரே மாலையில் முழுச் சுருதிக்கு ஏற்றினேன். மறுநாட் காலையில் குதிரையின் கீழ் மேற்பலகை அமிழ்ந்திருந்தது. குடத்தில் இரண்டு பட்டிகளுக்கிடையே ஒட்டு விட்டிருந்தது. எட்டு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஐம்பது கிலோவுக்கும் மேலாக இழுக்கும். குதிரையோ ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்கும். அவ்வழுத்தம் மெல்லிய பலகைமேல் இறங்குகிறது. நம் கடற்காற்றின் ஈரத்தில் பசை தளர்ந்துபோன மரம் அதைத் தாங்குமா? நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை.

பழுது நீக்கும் முதியவர் ஒருவர் முதலில் தந்திகளைத் தளர்த்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தை நோக்கினார். பட்டிதோறும் விரலால் தட்டிச் செவி கொடுத்தார். சீவகனையே நேரில் கண்டேன். கழுத்து முன்வளைந்ததையும் மெட்டுகள் தேய்ந்ததையும் சொன்னவர், குதிரையைத் தொட்டு, “இது இதோட பொறந்தது இல்லம்மா. தேக்கு. யாரோ கையால செதுக்கினது. தூக்கிப் போட்டுடலாமா?” என்றார்.

செதுக்கியவர் என் தந்தையார். உளிபட்ட தடம் தெரிந்தது. அது கருவிக்குப் பொருந்தாத உறுப்பு, ஒலியை மழுக்குவது. ஆயினும் அதனைக் குற்றமென்று மட்டும் எண்ண என்னால் இயலவில்லை.

அங்கே எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெருமகனார், பாடபேதங்களைப் பேணும் நெறியைத் தம் பதிப்புகளில் வளர்த்தார். ஏற்ற பாடம் மேலே நிற்கும். ஏனையது அடிக்குறிப்பில் வாழும். அந்நெறியையே பின்பற்றினேன். வாசிப்பதற்குப் புதிய குதிரை. பழையதைத் துணியிற் சுற்றி, எதனை, எந்நாளில், ஏன் மாற்றினோம் என்றெழுதிய தாளுடன் பெட்டிக்குள் வைத்தோம். என் பிழையையும் அதில் எழுதியிருக்கிறேன்.

நம் மலருக்காகத் தத்தம் தொடக்ககாலக் கவிதைகளைத் திருத்தித் தரலாமா என்று சிலர் கேட்டீர்கள். திருத்துங்கள், ஒட்டு விட்ட இடத்தை ஒட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய வடிவத்தைக் கிழித்தெறியாதீர்கள். ஆண்டைக் குறித்து வட்டத்தின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் நம் கை எவ்வாறு செதுக்கிற்று என்பதை வருங்கால மாணவர் ஒருவர் தேடி வரலாம். யாழைப் பற்றிய சொற்கள் நம்மிடம் நிறைய உள. சங்ககாலத்து யாழ் ஒன்றேனும் நம் கையில் இல்லை. அவ்விழப்பை அறிந்தவர்கள் நாம்.

அந்த மாண்டலின் இப்போது மெல்லிய தந்திகளுடன், ஒரு சுரம் தாழ்த்திய சுருதியில் ஒலிக்கிறது. ஓசை சிறிதுதான். அதற்குமேல் அதனிடம் நான் கேட்பதில்லை.