வீழ்பொருளின் எடை



‘எடையற்று மிதத்தல்’ என்னும் தொடர் புதுக்கவிதையில் விடுதலைக்கும் பற்றற்ற நிலைக்கும் உவமையாக வழங்குகிறது. இயற்பியல் அதற்குத் தரும் பொருளையும் கவிஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

தமிழகப் பாடநூல்களில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது புவி அதனை ஈர்க்கும் விசை. ஈழத்துப் பாடநூல்கள் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் வழங்கும். இவ்விரண்டின் வேறாக உடல் உணரும் எடை ஒன்று உண்டு. அதுவே தோற்ற எடை. காலடியைத் தரை மேல்நோக்கித் தாங்கும் விசையே அவ்வாறு உணரப்படுகிறது. எடைப்பொறி காட்டுவதும் அதனையே.

மின்தூக்கியினுள் எடைப்பொறியின்மீது 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். மின்தூக்கி மேல்நோக்கி விரைவு கூட்டுகையில் முள் 60ஐக் கடக்கும். கீழ்நோக்கி விரைவு கூட்டுகையில் குறையும். வடம் அறுந்து தடையின்றி வீழுமாயின் முள் சுழியைக் காட்டும். அப்போதும் அவருடைய நிறை குறைவதில்லை. புவியின் ஈர்ப்பும் அகல்வதில்லை. அவரும் பொறியும் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் என விரைவு கூடி ஒருசேர வீழ்வதால், ஒன்றையொன்று அழுத்துவதில்லை. வீழ்பவர் தம் எடையை உணரார் என்னும் எண்ணம் 1907இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. பொதுச் சார்பியல் கோட்பாட்டிற்கு அதுவே வித்தாயிற்று.

1984இல் சல்யூத் 7 விண்நிலையத்தில் இராகேஷ் சர்மா மிதந்தமைக்கும் காரணம் இதுவே. அவ்வுயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும். நிலையமும் அவரும் ஓயாது வீழ்ந்துகொண்டிருந்தனர். பக்கவாட்டில் விரைந்த வேகத்தால், அவர்கள் வீழ்ந்த அளவுக்குப் புவியின் வளைவும் விலகிச் சென்றது. ஆதலின் தரையை எட்டவில்லை.

ஆகவே எடையற்ற நிலையில் ஈர்ப்பு அறுவதில்லை. தாங்குவதே இல்லாமற் போகிறது. இடுப்பில் ஏந்திய குழந்தை தன் கனத்தை உணர்வது தாய் அதனைத் தாங்குவதனால். கை நழுவினால் அக்கனம் அதற்குத் தோன்றாது. அதனை விடுதலை என்பார் இலர்.

துணையை இழந்தோர், வேலையை இழந்தோர், ஊரை இழந்தோர் ஆகியோரின் துயரைப் பாடவும் இத்தொடர் உரியது. மிதப்பவரைப் பாட முற்படும் கவிஞர், அவர் வீழ்ந்துகொண்டிருக்கிறாரா என்பதையும் நோக்க வேண்டும்.