வான்வழித் தூரமும் வந்து சேரும் நேரமும்



மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியை அண்டி விடத்தல்தீவு என்னும் ஊர் உள்ளது. பெயரிலே தீவு உண்டு. ஊரோ பெருநிலக் கரையிலேதான் இருக்கிறது. இக்கரையோரக் கிராமங்களில் முதியவர் ஒருவர் கண்மூடினால், "இலண்டனிலுள்ள மகன் எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை தெரிந்தாலன்றி நல்லடக்கத்திற்கு நேரம் குறிக்க இயலாது. அவ்விடையைக் கணிக்கும் முறை பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

இலண்டன் ஹீத்ரோவுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். பனம்பழம் ஒன்றில் இரு புள்ளிகளை இட்டு, அவற்றிடையே நூலை இறுக்கிப் பிடித்தால் அது எவ்வழி கிடக்குமோ, அவ்வழியே அளந்த தூரம் இது. சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அளவுகோலை வைத்தால் இந்தக் கணக்கு வராது.

பெரிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் செல்லும். அப்படியானால் பத்து மணி நேரத்திற்குள் வந்துவிடலாமே எனத் தோன்றும். ஆனால் ஏறவும் இறங்கவும் நேரம் வேண்டும். வழியும் நூல் பிடித்தாற்போல் அமைவதில்லை. ஆகவே வழமையாகப் பத்தரை மணி நேரம் எனக் கொள்ளலாம். திரும்பிச் செல்கையில் இன்னுஞ் சற்றுக் கூடும். மேலே மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று, வரும்போது பின்னின்று தள்ளுகிறது. போகும்போது எதிர்த்து நிற்கிறது.

பலரும் மயங்குவது கடிகாரத்திலேதான். குளிர்காலத்தில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அங்கே புறப்படும் விமானம், ஞாயிறு பிற்பகல் 1 மணியளவில் இங்கே இறங்கும். விரல்விட்டு எண்ணினால் பதினாறு மணி நேரம்! இலங்கை மணி ஐந்தரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்துவிட்டால் பத்தரை. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் நாலரையைக் கழித்தாற் போதும். பயணச்சீட்டில் இறங்கும் நேரம் இறங்கும் நாட்டு மணிப்படியே அச்சிடப்படும். அதனோடு மீண்டும் ஐந்தரையைக் கூட்டி ஒருநாளைக் குழப்பிக்கொள்ளலாகாது.

சரி, ஒரு மணிக்கு இறங்கியாயிற்று. குடிவரவுச் சோதனை, பெட்டிகள், பின்னர் புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தரைப்பயணம். நேர்கோட்டில் அளந்தால் இருநூறுதான். 8,700 கிலோமீட்டருக்குப் பத்தரை மணி; இந்த முந்நூறுக்கு ஆறேழு மணி! மகன் வாசலை மிதிக்க இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். அன்று மாலையே அடக்கம் என அறிவித்தவர்கள் பாடு என்னவாகும்?

பலாலி வழி உண்டே என்பீர்கள். 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் சென்றது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கு அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டரே. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின், பலாலியிலிருந்து விடத்தல்தீவுக்கு வீதிவழியும் குறுகிவிட்டது. தூரக்கணக்கில் இவ்வழியே சிறந்தது. எனினும் சென்னையில் அடுத்த விமானத்திற்காகக் காத்திருக்கும் மணித்தியாலங்கள் எந்தப் படத்திலும் இல்லை. ஓரிரவு தங்க நேர்ந்தால், குறுகிய வழியே நெடிய வழியாகும். மகன் எவ்வழியால் வருகிறான் என்பதைக் கேட்டறிந்த பின்னரே கோவில் மணியக்காரரிடம் நேரம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது மறுநாட் காலையாகவே இருக்கும்.