இணையதளத்துக்கும் ஒரு பஞ்ச சூத்திரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சத்துமாவு, ஊறுகாய், கருப்பட்டி, மசாலாப்பொடி, துணிப்பை என்று நம்ம குழுக்கள் செய்யாத பொருள் இல்லை. கண்காட்சியில் ஸ்டால் போட்டால் நன்றாக விற்கிறது. கண்காட்சி முடிந்தால் விற்பனையும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் சில குழுக்கள் சொந்தமாக வெப்சைட் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "வெப்சைட் இருக்கு, ஆனா கூகுள்ல தேடினா வரமாட்டேங்குதே, ஏன்?"

இந்தக் கவலை தெரிந்த மாதிரி ஒரு போன் வரும். போன மாதம் நம்ம குழு ஒன்றுக்கு வந்தது. "முப்பதாயிரம் கட்டுங்க மேடம், ஒரே மாசத்துல கூகுள்ல முதல் இடம், கேரண்டி!" அந்தக் குழுவில் 12 பேர். ஆளுக்கு 2,500 ரூபாய். கூட்டத்தில் வைத்துப் பேசாமல் பணம் எடுப்பதில்லை என்ற நம் வழக்கம் அவர்களைக் காப்பாற்றியது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. காசு கட்டினால் விளம்பரம் வரும். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும்; காசு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அப்படியானால் தேடலில் எப்படி வருவது? இந்த வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறார்கள். பெயர்தான் பெரிசு, வேலை நமக்குப் பழக்கமானதுதான். நமக்கு வங்கிக் கடன் எப்படிக் கிடைத்தது? மேனேஜர் முன்னால் நன்றாகப் பேசியதாலா? தரமதிப்பீடு செய்துதானே கொடுத்தார்கள்! முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுவது, ஒழுங்கான பதிவேடு என்று பஞ்ச சூத்திரத்தைப் பார்த்தார்கள். கூகுளும் அப்படித்தான். அதன் மென்பொருள் இரவு பகலாக ஒவ்வொரு வெப்சைட்டாகப் போய்ப் படிக்கிறது. படித்ததைப் பேரேட்டில் பதிவது போலப் பதிந்துகொள்கிறது. யாராவது தேடும்போது அந்தப் பேரேட்டைப் புரட்டித்தான் பதில் தருகிறது. ஆகவே வெப்சைட்டுக்கும் ஐந்து சூத்திரம் சொல்கிறேன்.

முதலாவது, வாங்குகிறவர் சொல்லை எழுதுங்கள். நாம் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்போம். தேடுகிறவருக்கு அந்தப் பெயர் தெரியாதே! அவர் "குழந்தைக்குச் சத்துமாவு" என்று தேடுவார், அல்லது "ஹெல்த் மிக்ஸ்" என்று தேடுவார். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், சிலர் மைக்கில் பேசியே தேடுவார்கள். ஸ்டாலில் வாடிக்கையாளர் எந்த வார்த்தையில் கேட்கிறார் என்று ஒரு நாள் குறித்து வையுங்கள். அந்த வார்த்தைகள் தலைப்பிலும் விவரத்திலும் இயல்பாக வரட்டும். அதற்காக ஒரே வார்த்தையை ஐம்பது முறை எழுதுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பது எல்லாம் வேண்டாம். கூகுள் கண்டுபிடித்தால் நம்மைக் கீழே தள்ளிவிடும். அடுத்த ஊர்ப் பெயரையும் கடன் வாங்காதீர்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் உடன்குடி கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம்முடையது நல்ல கருப்பட்டி என்றால் நம்ம ஊர்ப் பெயரையே போடுங்கள்.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். பத்துப் பொருளையும் ஒரே போஸ்டராக அடித்து, படமாகப் போட்டுவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க முடியாது. என்னென்ன தானியம், எத்தனை கிராம், என்ன விலை, எத்தனை நாள் இருக்கும், எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவோம் என்று எழுத்தாக எழுதுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் போடுங்கள். வாங்குகிறவருக்கு அதுதான் நம்பிக்கை.

மூன்றாவது, கூகுள் மேப்பில் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எத்தனை பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் வைத்துத்தான் அங்கே வரிசை வருகிறது. பெயர், போன் நம்பர், நேரம் எல்லாம் வெப்சைட்டிலும் மேப்பிலும் பாக்கெட் லேபிளிலும் ஒன்றுபோல இருக்கட்டும். வீட்டில் செய்து, வாங்குகிறவர் வீட்டுக்கே நாம் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டலாம். ஒரு உறுப்பினரின் சொந்த நம்பரைப் போடாமல், குழுவுக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்களிடம் கருத்து எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்குத் தள்ளுபடி தருவதும், நாமே நமக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதும் விதிப்படி கூடாது.

நான்காவது, போனில் சட்டென்று திறக்க வேண்டும். கூகுள் படிப்பதே போனில் தெரியும் பக்கத்தைத்தான். போனில் எடுத்த படம் 4, 5 எம்.பி. இருக்கும். அதை 200 கே.பி. அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஐந்தாவது, சாவி நம்ம கையில். இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு குழுவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து அவர் போனை எடுக்கவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. வெப்சைட் போனது. அந்த முகவரியை அச்சடித்த லேபிள் கட்டுக் கட்டாக மூலையில் கிடக்கிறது. வங்கிக் கணக்கை வெளியாள் பெயரில் வைப்போமா? டொமைன், ஈமெயில், மேப் பதிவு எல்லாம் குழுவின் பெயரில் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாமல், ஊக்குநரும் பிரதிநிதியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தால் மறுநாளே வந்துவிடுமா என்றால், வராது. சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில், எந்த வார்த்தையைத் தேடி எத்தனை பேர் நம்ம பக்கத்துக்கு வந்தார்கள் என்று தெரியும். மாதம் ஒரு முறை கூட்டத்தில் அதைப் பாருங்கள். படித்துக்கொண்டிருக்கும் நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: "நமது டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது." மற்ற நாலு சூத்திரத்தையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யலாம். மாதம் ஐம்பது ரூபாயாகச் சேமித்து ஆரம்பித்தவர்கள்தானே நாம்! பொறுமை நமக்குப் புதிதில்லை.