பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம்

(நல்லூரில் நம் அறக்கட்டளை நடத்திய தாய் சேய் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கைப்பிள்ளை வளர்ப்பைப் பற்றிய கூட்டம் என்றால் பெண்களை மட்டும் அழைப்பதுதான் வழக்கம். இந்த முறை ஆண்களும் அவசியம் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

பிள்ளை வளர்ப்பு முழுவதையும் ஒரே நாளில் பேசிவிட முடியாது. நம் வீட்டில், நம் ஊரில், நம் பழக்கத்தில் எது பிள்ளைக்கு நன்மை செய்கிறது, எது நமக்கே தெரியாமல் தீங்கு செய்கிறது என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். இனிப்பும் தொட்டு வைக்கிறோம். தஹ்னீக் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேரீத்தம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் தடவிய சுன்னத். அது நம்மில் பல வீடுகளில் நாளடைவில் தேனாகவும் சர்க்கரைத் தண்ணீராகவும் மாறிவிட்டது. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. பிஞ்சுக் குடலில் அது முளைத்து, நஞ்சை உண்டாக்கி, பிள்ளையின் உடலையே தளரச் செய்துவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. தஹ்னீக் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய, இருமல் சளி இல்லாத ஒருவர், பட்டும் படாமலும் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அதன்பின் தாய்ப்பால்தான். முதல் ஒரு மணி நேரத்திற்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். அது பிள்ளையின் முதல் தடுப்பு மருந்து. அளவு குறைவாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். முதல் நாளில் பிள்ளையின் வயிறு கொள்வதே ஒரு தேக்கரண்டி அளவுதான். 6 மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். "இந்த வெயிலில் பிள்ளைக்கு நா வறளாதா?" என்று நன்னிமார்கள் கேட்பது நியாயம். தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுத்தால் தாகமும் தீர்ந்துவிடும்.

அடுத்தது சுர்மா. பிள்ளை அழகாக இருக்கவும் கண் குளிரவும் சுர்மா இடுகிறோம். ஹஜ், உம்ரா போய் வருகிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் அன்போடு வாங்கி வந்து கொடுக்கிறார்கள். ஆனால் கடைகளில் விற்கும் பல சுர்மாக்கள் ஈயம் கலந்த கல்லைப் பொடித்துச் செய்யப்படுபவை. பெரும்பகுதியே ஈயமாக இருந்த சுர்மாக்களும் பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கின்றன. பிள்ளை கண்ணைக் கசக்கும், அதே கையை வாயில் வைக்கும். ஈயம் இரத்தத்தில் கலந்தால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. காய்ச்சல் வராது, தடிப்பு வராது. மூளை வளர்ச்சிதான் மெல்லக் குறையும். பள்ளிக்கூடம் போகும்போது "பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாம் பிள்ளையைத் திட்டுவோம். இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் சுர்மா இடுவதைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. சின்னப் பிள்ளைகளின் கண்ணில் வேண்டாம், அவ்வளவுதான்.

ஈயத்தைப் பற்றிப் பேசும்போது நம் பகுதித் தொழிலையும் சொல்லியாக வேண்டும். விருத்தாசலம் பீங்கான் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பொம்மைக்கும் பாத்திரத்திற்கும் பூசும் சில பளபளப்புப் பூச்சுகளிலும் வண்ணங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். மண் மாவின் நுண்ணிய தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலை முடிந்து வரும் அத்தா செய்ய வேண்டியது ஒன்றுதான். வாசலில் பிள்ளை கையை நீட்டினாலும், முதலில் சட்டையை மாற்றி, கை கால் முகம் கழுவிவிட்டுப் பிறகு தூக்குங்கள். வேலைத் துணியைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வண்ணம் பூசிய உடைந்த பொம்மைகளைக் கடித்து விளையாடக் கொடுக்க வேண்டாம். முந்திரிக் கொட்டை உடைக்கும் வீடுகளில், அந்த ஓட்டின் எண்ணெய் பெரியவர் கையையே பொசுக்கிவிடும். மூட்டையும் ஓடும் பிள்ளை தவழும் இடத்தில் இருக்கக் கூடாது.

சில பிள்ளைகள் மண்ணை, சுவரை, சாம்பலைத் தின்னும். அடித்துத் திருத்தப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்ததன் அறிகுறி. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அடி அல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை. 6 மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு, கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, முட்டை, முள் எடுத்த மீன், நன்றாக மசித்த ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு பிள்ளைக்கு உரியது. அதை வாங்கி வந்து பிள்ளைக்கே கொடுங்கள். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.

ஆபத்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று தண்ணீர். தவழும் பிள்ளை மூழ்குவதற்குக் குளமோ மணிமுத்தாறோ வேண்டியதில்லை. குளியலறை வாளியில் நாலு விரல் தண்ணீர் போதும். தலை கனம் என்பதால் குப்புற விழுந்த பிள்ளையால் நிமிர முடியாது, சத்தமும் வராது. வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் இன்றே தொடங்கட்டும். இரண்டாவது, வேர்க்கடலையும் முந்திரியும். நம் பகுதியின் விளைச்சல், கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்கும். 5 வயது வரை முழுக் கொட்டையாகக் கொடுக்காதீர்கள். அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறினால் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரு விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதற்குள் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்துவது நம்மிடம் உள்ள பழைய வழக்கம். அது தவறு. 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ். அதைப் புகட்டியவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே. அதே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்று அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் புகட்டுங்கள். துத்தநாக மருந்து 14 நாள் கொடுங்கள், பேதி நின்றாலும் நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்து கண் குழிந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தடுப்பூசி பற்றிச் சிலருக்கு இன்னும் தயக்கம் உண்டு. வடமாநிலங்களில் போலியோ சொட்டு மருந்துக்கு எதிராக வதந்திகள் பரவியபோது, அங்குள்ள ஆலிம்களும் இமாம்களும் முன்வந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அறிவிப்புச் செய்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் ஒரு பிள்ளையையும் காட்டுப் போலியோ முடக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரத்திற்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. அந்த நன்மையில் நம் சமுதாயத்திற்கும் பங்கு உண்டு. தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதத் தட்டம்மை ஊசியும் 16 முதல் 24 மாதத்திற்குள் போட வேண்டிய ஊசிகளும்தான் அதிகம் மறக்கப்படுகின்றன.

இப்போது ஆண்களை அழைத்த காரணம். பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள், தாயைப் பார்ப்பவர் இல்லை. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மேல் பிடிப்பின்மை இருந்தால் அது காற்று கருப்பும் அல்ல, ஈமான் குறைவும் அல்ல. மருந்தால் தீரக்கூடிய நோய். முதலில் கவனிக்க வேண்டியவர் கணவர். வெளிநாட்டில் இருந்தால் "பிள்ளை எப்படி?" என்பதற்கு முன் "நீ தூங்கினாயா?" என்று கேளுங்கள். மாமியார்மார்களும் இரவில் ஒரு வேளை பிள்ளையை வாங்கிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதிருக்கிறார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயின் மனம் தவிக்குமே என்று ஜமாஅத் தொழுகையையே சுருக்கியிருக்கிறார்கள். குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் தாய்ப்பாலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைச் சொல்கிறது. தாய்க்கு உணவும் உடையும் தருவதைத் தந்தையின் கடமையாக்குகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவு செய்யச் சொல்கிறது. அப்படியிருக்க, பிள்ளை வளர்ப்பு பெண்கள் காரியம் என்று நாம் ஒதுங்குவதற்கு எங்கே இடம்?

இன்று வீடு திரும்பியதும் மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளையின் சுர்மாக் குப்பியை எடுத்து அப்புறப்படுத்துங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஊசி அட்டையைப் பாருங்கள். தவறியது இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அட்டையைப் படிக்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்திற்கு எடுத்து வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நோய் நொடியின்றி, நல்ல அறிவோடும் நற்குணத்தோடும் வளரச் செய்வானாக. ஆமீன்.