எத்தனை சென்ட் என்று கேட்பதற்கு முன்னால்

1851-ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோகினூர் வைரத்தைக் காணக் கூட்டம் முண்டியடித்தது. பார்த்தவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். கல் மங்கிக் கிடந்தது. சுற்றிலும் எரிவாயு விளக்குகளை ஏற்றிப் பார்த்தும் எடுபடவில்லை. மறு ஆண்டே விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் அதைப் புதிதாகப் பட்டை தீட்டச் செய்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கைவினைஞர்களுக்கு அந்த வேலை 38 நாள் பிடித்தது. இன்றைய கணக்கில் சுமார் 191 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது, ஜொலிப்பு கூடியது.

நகைக்கடையில் வைரத் தட்டு மேசைக்கு வந்ததும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை சென்ட்?" என்பதுதான். 100 சென்ட் ஒரு காரட். ஒரு காரட் 200 மில்லிகிராம். தராசு அதற்குமேல் எதையும் சொல்லாது. பட்டைதான் முதலில் பார்க்க வேண்டியது.

கல்லுக்குள் நுழையும் வெளிச்சம் அடிப்பக்கப் பட்டைகளில் பட்டுத் திரும்பி, மேல்வழியே கண்ணுக்கு வர வேண்டும். அடி ஆழமாகிவிட்டால் நடுவில் இருட்டடிக்கும். தட்டையாகிவிட்டால் கல் வெளிறித் தெரியும். இந்தக் கோணங்களைக் கணக்கிட்டு 1919-இல் நூலாக வெளியிட்டவர், வைரம் அறுக்கும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. நன்றாகத் தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 6.2 மில்லிமீட்டரே உள்ள ஒரு காரட் கல்லும் விலைக்கு வரும். அதன் எடை அடிவயிற்றில் ஒளிந்திருக்கிறது, காசு மட்டும் முழுசாகப் போகிறது. முழு ஒரு காரட்டைத் தொட்டதும் விலை தாவுவதால், 95 சென்டில் நல்ல பட்டையுள்ள கல்லைத் தேடுவது கெட்டிக்காரத்தனம்.

நிறத்துக்கு டி முதல் இசட் வரை தரவரிசை உண்டு. டி என்றால் சுத்த வெள்ளை. எழுத்து நகர நகர மஞ்சள் ஏறும். மஞ்சள் தங்கத்தில் பதிக்க ஜி, எச் கற்களே தாராளமாகப் போதும். கடையின் குவிவிளக்கில் எல்லாக் கல்லும் மின்னும். கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் சாயல் பிடிபட்டுவிடும்.

குறைகளைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் சிலப்பதிகாரமே காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். லென்ஸில் மட்டும் தெரியும் சிறு புள்ளிக்காகப் பயந்து கூடுதல் பணம் கொட்ட வேண்டியதில்லை. விளிம்பை ஒட்டிய கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். அடிபட்டால் கல் அங்கே சில்லுப் பெயரும்.

தமிழ் வீடுகளில் மவுசு குறையாத பெயர் ப்ளூ ஜாகர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தால் வந்த பெயர் அது. வெயிலில் நீலம் காட்டும் அந்தக் கற்களுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று அந்தப் பெயரில் புதுக் கல்லை நீட்டினால், தரச்சான்றில் ஒளிர்வு பற்றிய வரியைப் படித்துவிட்டு, கல் பால் கலந்தாற்போல் மங்குகிறதா என்று வெயிலில் பார்த்துவிட வேண்டும்.

ஏழு கல் தோட்டில் இன்னொரு கணக்கு உண்டு. ஜோடிக்கு 14 கல். மொத்தம் ஒரு காரட் என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக ஏழு சென்ட்தான். ஒற்றைக் கல் ஒரு காரட்டின் விலையோடு இதை ஒப்பிடவே கூடாது. இங்கே பதினான்கும் நிறத்திலும் அளவிலும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும் சாட்சி, கல்லுக்கு அல்ல. ஆகவே வைரத்தின் எடை, நிறம், தெளிவு, அது இயற்கைக் கல்லா ஆய்வகத்தில் வளர்த்ததா என்ற நான்கையும் ரசீதில் தனியாக எழுதி வாங்க வேண்டும். பெரிய கல்லானால், விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றுதானா என்று லென்ஸை வாங்கிப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.