எந்த நகைக்குச் செலவு செய்வது?

நடுவர் அவர்களே! எதிரணியில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு காத்திருக்கும் நண்பர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியவர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

'பல்லை அழகுபடுத்திக்கொள்வது அவசியமா, ஆடம்பரமா?' இதுதான் தலைப்பு. அவசியமே என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி என்ன கேட்டாங்க? "கடவுள் கொடுத்த பல்லை ராவி, அதுமேல பீங்கானை ஒட்டுறீங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டாங்க. அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே பார்த்தேன், கடவுள் கொடுத்த கண்ணுக்கு மேலே தங்கச்சி ஒரு கண்ணாடி மாட்டியிருக்காங்க. (சிரிப்பு)

"கண்ணாடி நான் பார்க்கிறதுக்கு, வெனீர் அடுத்தவங்க பார்க்கிறதுக்கு" என்று அங்கே உட்கார்ந்தபடியே சொல்றாங்க. நல்ல பதில் ஐயா. அதை நான் விடப்போவதில்லை, கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் வெனீர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் தச்சு வேலைக்காரர்களுக்கு நல்லாத் தெரியும். பிளைவுட் பலகைமேல், தேக்கு மரத்தைத் தாள் மாதிரி சீவி ஒட்டுவார்களே, அதுக்குப் பேர் வெனீர். உள்ளே இருப்பது பிளைவுட், வெளியே தெரிவது தேக்கு. பல்லுக்கும் அதேதான். முன்பல்லின் வெளிப்பக்கத்தில் பீங்கானிலோ, காம்போசிட் என்கிற பிசினிலோ ஒரு மெல்லிய சில்லை ஒட்டுகிறார்கள். எவ்வளவு மெல்லிசு? பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். உங்க கைவிரல் நகத்தைத் தொட்டுப் பாருங்க, ஏறக்குறைய அந்தக் கனம். பல் மொத்தத்தையும் சுற்றிச் செதுக்கித் தொப்பி மாட்டுகிறார்களே, அது கிரவுன். தொப்பி வேற, வெனீர் வேற. இந்த வித்தியாசத்தை மறந்துடாதீங்க, பின்னால் வேலை இருக்கு.

இது பிறந்த இடம் எது தெரியுமா? ஹாலிவுட். 1920களின் கடைசியில் கலிபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்று ஒரு பல் மருத்துவர். காமிரா கிட்டே வந்தால் நடிகர்களின் பல் குறையெல்லாம் பெரிசாத் தெரியுது. அவர் மெல்லிய பல் முகப்புகளைச் செய்து, பல்செட் ஒட்டுகிற பொடியை வைத்து ஒட்டி அனுப்பினார். ஷெர்லி டெம்பிள் என்ற குட்டி நட்சத்திரத்துக்குப் பால்பல் விழுகிற வயசு. விழுந்த இடம் படத்தில் தெரியக் கூடாது, அதற்கும் இவர்தான். ஆனா ஒரு சிக்கல். ஷூட்டிங் முடிகிறவரைக்கும்தான் அது தாங்கும். அதை மாட்டிக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்தால் முறுக்கோடு சேர்ந்து முகப்பும் உள்ளே போயிடும். (சிரிப்பு)

அப்போ நிரந்தரமா ஒட்டுவது எப்படி வந்தது? பல்லோ எப்பவும் ஈரம், வழவழப்பு. எதுவும் பிடிக்காது. 1955இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒரு யோசனை. தொழிற்சாலையில் உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன்னால் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவுகிறார்கள், அப்போ பெயின்ட் நல்லாப் பிடிக்கிறது. அதையே பல்லில் செய்தால் என்ன? செய்து பார்த்தார். பல்லின் மேல்தோடான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்தன. அதில் பிசின் போய் வேர் பிடித்தது. பீங்கானையும் அதேபோல அமிலத்தால் பொரியவைத்து ஒட்டலாம் என்று 1980களின் தொடக்கத்தில் சைமன்செனும் கலாமியாவும் காட்டினார்கள். இன்றைக்கு நம்ம ஊரில் வைக்கிற பீங்கான் வெனீருக்கு அடிப்படை அதுதான். பாருங்க, இரும்புக்குப் பெயின்ட் அடிக்கிற வித்தையில் ஒரு புன்னகை நிக்குது!

சரி, தங்கச்சி கேள்விக்கு வருவோம். அடுத்தவங்க பார்க்கத்தானே?

நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழில் முறுவல் என்றால் சிரிப்பு. பழைய தமிழில் முறுவல் என்றால் பல்லும்தான். சிரிப்பையும் பல்லையும் ஒரே சொல்லில் வைத்த இனம் இது. நகை என்றால் என்ன? கழுத்தில் போடுவதும் நகை, உதட்டில் பூப்பதும் நகை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லும்போது முதலில் வைத்ததே நகையைத்தான். அழுகை, கோபம் எல்லாம் பின்னால்தான். ஆனா அந்த நகை பிறக்க நாலு காரணம் சொன்னவர், அதிலே முதல் காரணமா எதை வைத்தார் தெரியுமா? எள்ளலை! அடுத்தவனைக் கேலி பண்ணிச் சிரிக்கிற சிரிப்பை!

அந்த எள்ளல் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தேன். அந்த மண்ணில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைகள் குடித்தால், ஈறுக்குள் பல் உருவாகிற வயசிலேயே, அதாவது ஏறத்தாழ எட்டு வயசுக்குள்ளே, எனாமல் கெட்டுப்போகிறது. பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, சில பேருக்குக் காவிக் கறை. கரியால் தேய்த்தாலும் போகாது, உப்பால் தேய்த்தாலும் போகாது. ஏன்னா அது மேலே படிந்த அழுக்கு இல்லை, பல்லுக்குள்ளேயே இருக்கிற கறை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் அந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் போனது. வருகிற தலைமுறைக்கு அது மருந்து. அதற்கு முன்னே பல் முளைத்தவர்களுக்கு?

என் வகுப்பில் ஒரு மாணவி. முதல் மதிப்பெண். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வலது கை தானாக வாய்க்குப் போகும். வாயைப் பொத்திக்கொண்டே பதில் சொல்வாள். நானும் மரியாதைக்காகத்தான் என்று நினைத்திருந்தேன், கிராமத்துப் பிள்ளைதானே என்று. ஒருநாள் நகைச்சுவைப் பாடம் நடத்துகிறேன், வகுப்பே சிரிக்கிறது, இந்தப் பிள்ளை மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த தோழிதான் அப்புறம் சொன்னாள்: "ஐயா, எட்டாம் வகுப்புல இவளை எல்லாரும் காவிப்பல்லுன்னு கூப்பிட்டாங்க. அதிலேர்ந்து இவ வாயைத் திறந்து சிரிச்சதே இல்லைங்கய்யா."

படிப்பை முடித்து ஆசிரியர் வேலை நேர்முகத்துக்குப் போனாள். அங்கேயும் கை வாய்க்குப் போயிருக்கிறது. குரல் தெளிவில்லை, துணிச்சல் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். பாடம் தெரியாமல் தோற்கவில்லை நடுவர் அவர்களே, பல்லை மறைத்ததால் தோற்றாள்! தங்கச்சி, இப்போ சொல்லுங்க. இது அடுத்தவங்க பார்க்கிற விஷயமா, அவ வாயைத் திறக்கிற விஷயமா? (கைத்தட்டல்)

அவளுக்கு வேறு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் சேர்த்துவைத்துச் சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனாள். அந்த மருத்துவர் நல்லவர். எடுத்ததும் வெனீர் என்று சொல்லவில்லை. முதலில் சுத்தம் செய்தார். பிறகு மேலாகக் கொஞ்சம் தேய்த்தெடுத்து, வெளுப்பு மருந்து வைத்துப் பார்த்தார். பாதிக் கறை அதிலேயே மட்டுப்பட்டது. நடுவில் இருந்த நாலு பல் மட்டும் மசியவில்லை. அந்த நாலுக்குத்தான் வெனீர். போனில் என்னிடம் சொன்னாள்: "ஐயா, இப்பல்லாம் பசங்களைத் திட்டும்போதுகூட நான் வாயை மூடிக்கிறதில்லைங்கய்யா." (சிரிப்பு, கைத்தட்டல்)

காசு கொழுத்தவன் வேலை என்று எதிரணித் தலைவர் சொன்னார். பீங்கான் வெனீருக்கு ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், மறுக்கவில்லை. ஆனா ஐயா, நீங்க பொண்ணு வீட்டில் எத்தனை பவுன் என்று கேட்கிறீர்களே, அதில் ஒரு பவுன் விலைக்குச் சில பல்லைச் சரிசெய்துவிடலாம். கழுத்து நகைக்குக் கடன் வாங்குவது கௌரவம், உதட்டு நகைக்குச் செலவு செய்தால் ஆடம்பரமா?

இப்போ ஒரு விஷயம். எங்கள் அணியில் இருக்கிறேன் என்பதற்காக நான் வெனீர் விற்பனைக்கு வரவில்லை. எதிரணி சொன்னதில் ஒன்று முழுக்க உண்மை. ராவிய எனாமல் திரும்ப முளைக்காது. முடி வெட்டினால் வளரும், நகம் வெட்டினால் வளரும். எனாமலை உடம்பு இரண்டாவது தடவை செய்வதே இல்லை. சில பேருக்கு ராவாமலே ஒட்ட முடியும், எல்லோருக்கும் முடியாது. ஒருமுறை ராவிவிட்டால் அந்தப் பல்லுக்கு ஆயுசு முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும். பீங்கான் வெனீர் நல்லாப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருஷம் வரும், காம்போசிட் அதற்குக் குறைவு, டீக் கறையும் பிடிக்கும். அப்புறம் மாற்ற வேண்டும். இருபத்தைந்து வயசில் வைக்கிறவர் அறுபதுக்குள் இரண்டு மூன்று தடவை மாற்றக் கணக்குப் போட்டுக்கணும். இதை முதல் நாளே சொல்லாத மருத்துவரிடம் வாயைத் திறக்காதீர்கள்!

இங்கிலாந்துப் பிள்ளைகள் சில வருஷமா விமானம் ஏறித் துருக்கிக்குப் போகிறார்கள், மலிவாகப் பல் வைக்க. வெனீர் என்று நினைத்துப் போகிறார்கள். அங்கே சில இடங்களில் நல்ல பல்லை முளைக்குச்சி மாதிரி செதுக்கி, கிரவுனை மாட்டி அனுப்புகிறார்கள். நான் முன்னாலே சொன்னேனே, தொப்பி வேற, வெனீர் வேற என்று, அது இதற்காகத்தான். பளபளன்னு வெள்ளையா வருவார்கள். பிறகு நரம்பு செத்து, ஈறு வீங்கி, ஊரில் வைத்தியம். இதற்கு 'டர்க்கி டீத்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிரிச்சா குழல்விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். பல்லுக்கு இயற்கையான நிறம் தூய வெள்ளை இல்லை ஐயா. மருத்துவர்கள் பரவலாக வைத்திருக்கிற நிற அட்டையில் ஒன்றில் பதினாறு சாயல் இருக்கு. உங்க வயசு, பக்கத்துப் பல், தோல் நிறம் எல்லாம் பார்த்து அதில் ஒன்றை எடுக்கணும். ஒருதடவை ஒட்டிவிட்டால் பீங்கானை வெளுக்க முடியாது. பக்கத்துப் பல் வயசாகி மஞ்சளாகும், இது மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி அப்படியே நிற்கும்.

எங்க தெருவில் ஒரு பையன், கல்யாணத்துக்கு மூன்று வாரம். முன்பல் கோணல். "பத்துப் பல்லுக்கு வெனீர் போடுங்க டாக்டர்" என்று போய் நின்றான். அவர் சொன்னார்: "தம்பி, உன் பல் ஒவ்வொண்ணும் வைரம். வரிசைதான் சரியில்லை. கிளிப் போட்டா ஒன்றரை வருஷத்துல நேராயிடும். மூணு வாரத்துல வேணும்னா பத்து நல்ல பல்லை நான் ராவணும். நான் ராவ மாட்டேன்." பையனுக்குக் கோபம். கல்யாணப் படத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான், பொண்ணுதான் சிரிக்குது. (சிரிப்பு) இப்போ கிளிப்போடு அலைகிறான். அந்த டாக்டரைத்தான் நான் எங்கள் அணி என்று சொல்வேன்!

இன்னும் சிலருக்கு இது ஆகவே ஆகாது. சொத்தை இருந்தால், ஈறில் ரத்தம் வந்தால், முதலில் அதற்கு வைத்தியம். ஒழுகுகிற சுவரில் சுண்ணாம்பு அடிக்கிறதுல புண்ணியம் இல்லை. நகம் கடிக்கிறவர்கள், சோடா மூடியைப் பல்லால் திறக்கிற வீரர்கள், இவர்களுக்கு வெனீர் உடைந்து கையில் வரும். தூக்கத்தில் பல் நறநறக்கிறவர்களுக்கு ராத்திரிக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை வேண்டும். நான் பேச ஆரம்பிச்சதிலிருந்து நறநறத்துக்கொண்டிருக்கிற எதிரணிக்கு எந்த டாக்டரும் வெனீர் வைக்க மாட்டார்! (சிரிப்பு)

போகிறவர்கள் மறக்காமல் ஒன்று செய்யுங்கள். ராவுவதற்கு முன்னால், தற்காலிகப் பிசினில் மாதிரி வைத்துக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், 'ஃப'வும் 'வ'வும் ஒழுங்கா வருதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா? கழற்றிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அழகு நிலையத்தில் தள்ளுபடிக்குப் போடுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் ஓடி வந்துடுங்க. பதிவு பெற்ற பல் மருத்துவர் தவிர வேறு யாரும் அந்த வேலையைத் தொடக் கூடாது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடிக்கிறேன் ஐயா, அடிக்காதீங்க. தங்கச்சிக்கு ஒரே ஒரு கேள்வி, அடுத்த சுற்றில் பதில் சொன்னால் போதும். கடவுள் கொடுத்த பல்லைத் தொடாதே என்றீர்களே, அதே கடவுள் கொடுத்த மூக்கில் ஓட்டை போட்டு மூக்குத்தி போட்டிருக்கீங்களே, அது அவசியமா, ஆடம்பரமா?

(பலத்த கைத்தட்டல்)